சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்குங்கள்: பயிர், உழவு பற்றிய பிள்ளைகள் புத்தகங்களை வாங்குவதும் வாசித்துக் காட்டுவதும்

புத்தகக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு வாரம் என்னென்ன சமைக்கிறீர்கள், பிள்ளை எதை விரும்பிச் சாப்பிடுகிறது, எதை ஓரமாக ஒதுக்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பட்டியல் இப்படி வரும்: சோறு, நாசி லெமாக், கங்கோங் கீரைப் பிரட்டல், வெண்டிக்காய்ப் புளிக்குழம்பு, ரொட்டி சானாய், மீ கோரிங், வாழைப்பழம், மைலோ. இந்தப் பட்டியலில் இருப்பதைப் பற்றிய புத்தகத்தைத்தான் முதலில் தேட வேண்டும். ஆப்பிள் தோட்டம் அப்புறம் வரட்டும்.

நான் பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் கீழ்த்தளத்துப் பொது அறையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். நான்கு வயதுப் பிள்ளையும் வரும், ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் வரும். எல்லாருக்கும் நான் அத்தை. என் அம்மா கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேரின் தாத்தா பாட்டியும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள்தான். ஆனால் விவசாயி ஒருவரை வரையச் சொன்னால் பிள்ளைகள் சிவப்புக் கொட்டகையும் டிராக்டரும் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாத்தாவும் வரைகிறார்கள். கைக்குக் கிடைக்கும் புத்தகம் அப்படி. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வாசித்துக் காட்டுவது, கிடைக்காததை எப்படி நாமே செய்துகொள்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

எவ்வளவு நாள் ஆனது? யார் கை வேலை செய்தது? ஒரு புத்தகம் இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒன்றுக்குச் சொன்னாலும் வாங்கலாம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல படப் புத்தகங்களில் மூன்றாம் பக்கத்தில் விதை இருக்கும், ஐந்தாம் பக்கத்தில் கூடை நிறையத் தக்காளி இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்றே இருக்காது. அதைப் படித்த பிள்ளை வெண்டி விதையை ஊன்றிவிட்டு மூன்றாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்க்கும், ஒரு வாரத்தில் ‘எனக்குச் செடி வளராது’ என்று விட்டுவிடும். கங்கோங் என்றால் 25, 30 நாளில் பறித்துவிடலாம். வெண்டி காய்க்க 50 நாள் போல ஆகும். பூத்து ஐந்தாறு நாளில் பறிக்காவிட்டால் நார் விழுந்துவிடும். நெல்லுக்கு ஏறக்குறைய நான்கு மாதம். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டு முதல் குலை வெட்ட மூன்று வருடம் போல ஆகும். டுரியான் கொட்டையைப் போட்டு வளர்த்தால் ஏழு, எட்டு வருடம், சில சமயம் பத்து வருடம்கூட. இந்தக் காத்திருப்பைக் காட்டும் புத்தகம்தான் வேண்டும். ஒரே செடியை ஒரே இடத்தில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக் காட்டும் புத்தகங்கள் உண்டு. கதை சுமாராக இருந்தாலும் அவற்றை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியம். புத்தகத்தில் வரும் விவசாயி பெரும்பாலும் தனி ஆளாக இருப்பார், சிரித்துக்கொண்டே இருப்பார், வியர்க்கவே வியர்க்காது. உண்மையில் ஒரு கட்டு சாவிக் கீரை கேமரன் மலையிலிருந்து நம் சந்தைக்கு வந்து சேர எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அங்கே பாத்தி போடுகிறவர்களில் நிறையப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோர்களும் ஒரு காலத்தில் அப்படிக் கப்பலேறி வந்தவர்கள்தான் என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாற்று நடுகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், சந்தையில் விடிகாலை நாலு மணிக்குக் கடை பரப்புகிற அம்மா என்று பல கைகளைக் காட்டும் புத்தகம் அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் படம். ஓவியர் அந்தச் செடியைப் பார்த்து வரைந்தாரா என்று கண்டுபிடிக்கச் சில இடங்கள் உண்டு. வாழைத்தாரில் காய்கள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கையில் பிடித்த சீப்பைப் பார்த்து வரைந்தவர்கள் கீழே தொங்க விட்டுவிடுவார்கள். பலாவும் கொக்கோவும் அடிமரத்திலும் பெரிய கிளையிலும் காய்க்கும். மாங்காய் மாதிரி நுனிக்கிளையில் தொங்கினால் தவறு. அன்னாசி மரத்தில் காய்க்காது. நிலக்கடலைக்குப் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழே இறங்கி மண்ணைத் துளைத்துப் போய் அங்கே காய்க்கும். இதைச் சரியாக வரைந்த புத்தகத்தைப் பார்த்தால் அந்த ஓவியரை நம்பலாம்.

தவறு இருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஒட்டுத்தாளும் பென்சிலும் கொடுத்து ‘இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடி’ என்று சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு வேறு இல்லை. வசந்தகாலத்தில் விதைத்து இலையுதிர்காலத்தில் அறுக்கும் புத்தகங்களுக்கும் இதே வழிதான். ‘நம் ஊரில் எப்போது?’ என்று கேளுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், ஜனவரி, பிப்ரவரியில் காயும், வருட நடுவில் டுரியான் விழும் என்று அவர்களே ஒரு நாட்காட்டி போட்டுவிடுவார்கள்.

எங்கே தேடுவது

ஜார்ஜ் டவுனில் இருக்கிறவர்கள் சௌராஸ்தா சந்தைக்குப் போங்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. தமிழ்ப் புத்தகம் அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் செடி, பழம், பூச்சி பற்றிய நல்ல புகைப்படப் புத்தகங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மலிவாகக் கிடைக்கும். மலாய்ப் புத்தகமாக இருந்தால் என்ன, கதையைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். உள்ளூர்க் காய்கறி, உள்ளூர்ப் பழம் என்று வரும்போது மலாய்ப் புத்தகங்களில்தான் படம் சரியாக இருக்கிறது. பெத்தாய்க் காயும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் வேறு எந்தப் புத்தகத்தில் வரும்?

தமிழில் வேண்டுமானால், சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. காசே செலவழிக்காமல் தொடங்க நினைப்பவர்களுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளம் இருக்கிறது. 2015இல் தொடங்கியது. தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. வாசிப்புப் படிநிலை போட்டுப் பிரித்திருப்பார்கள். இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: தமிழ்நாட்டுக் கதையில் கேழ்வரகும் கம்பும் ஏற்றமும் வரும். நம் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் கேழ்வரகு வாங்கி வந்து கையில் கொட்டிக் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

வாசிக்கும்போது

பொருள் முதலில், புத்தகம் பிறகு. நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இதுதான். கங்கோங் பற்றிப் படிக்கப் போகிறோம் என்றால் முதலில் ஒரு கட்டு கங்கோங் மேசைக்கு வர வேண்டும். தண்டை உடைத்து உள்ளே குழாய் மாதிரி ஓட்டையாக இருப்பதைப் பார்க்கட்டும், வாயில் வைத்து ஊதட்டும். கணு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவட்டும். இலையைச் சமையலுக்குக் கிள்ளிய பிறகு, மிச்சத் தண்டைக் கண்ணாடி டம்ளரில் கணு முங்கும்படி வைத்தால் சில நாளில் கணுவிலிருந்து வெள்ளையாக வேர் விடும். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டி மாற்றச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட இந்த ஒரு டம்ளர் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

அரிசியைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். நான்கு ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரப் பஞ்சு போட்டு, ஒன்றில் பச்சைப்பயறு, ஒன்றில் வெந்தயம், ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் சமையல் அரிசி தூவுங்கள். எது முளைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வையுங்கள். எல்லாரும் அரிசிதான் முளைக்கும் என்பார்கள். வயலில் வளர்வது அதுதானே! பயறு இரண்டாம் நாளே வாலை நீட்டிவிடும், வெந்தயமும் பின்னாலேயே வரும். பருப்பு ஊறி நாறும். அரிசி அப்படியே கிடக்கும். எங்கள் வட்டத்தில் ஒரு பையன் ஒரு வாரம் முழுக்க அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ‘அத்தை, என் அரிசி செத்துப்போச்சா?’ என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். உமியை நீக்கித் தீட்டும்போது அரிசியின் ஒரு முனையில் இருக்கும் கருவும் போய்விடுகிறது. அரிசி மணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த மூலையில் சின்னதாக ஒரு பள்ளம் தெரியும். முளைக்க வேண்டியது அந்தக் கரு. துவரம்பருப்பும் தோலுரித்து இரண்டாக உடைத்தது, அதனால் அதுவும் முளைக்காது. பையன் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு அரிசியாகப் பள்ளத்தைத் தேடினான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் படம் பார்ப்பதை விட்டு அரிசியைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் உமியோடு இருக்கும் நெல் வாங்கிக் கொடுங்கள். கோழித்தீனி, பறவைத்தீனி விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் முளைவிடும். பக்கெட்டில் சேறு போட்டு, நல்ல வெயில் படும் வராந்தாவில் வைத்து வளர்த்தால் கதிர் வரைக்கும் கொண்டுவர முடியும். நெற்பூ காலை நேரத்தில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், அதனால் கதிர் வந்ததும் பள்ளி இல்லாத நாளில் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொத்தமல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மளிகைக் கடை மல்லியிலேயே செடி வரும். ஆனால் உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதை உண்டு. லேசாக அழுத்திப் பிளந்து போட்டால் நன்றாக முளைக்கும். நம் வெயிலுக்குச் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் நிழல் பக்கம் வையுங்கள்.

வயதுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஒரு புத்தகம், ஒரு செடி, தொடுவது, முகர்வது, அவ்வளவு போதும். ஏழெட்டு வயதில் எது முதல், எது அடுத்து என்று வரிசை பிடிக்கும். பத்து வயதுக்கு மேலே பணக் கணக்கு பேசலாம்: இந்தக் கட்டுக்கு நாம் கொடுத்த காசில் பயிர் செய்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்? சந்தையில் விற்கிறவரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

கோழி, மீன் பற்றிப் புத்தகம் பேசினால் மழுப்ப வேண்டாம். காலைச் சந்தையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். சைவம் சாப்பிடும் வீட்டுப் பிள்ளையும் அசைவம் சாப்பிடும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் சாப்பாட்டை மற்றவர் முகம் சுளித்துப் பேசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காத புத்தகத்தை நாமே செய்வது

நம் ஊர்ப் பயிர்களுக்குத் தமிழில் பிள்ளைகள் புத்தகம் மிகக் குறைவு. டுரியான் பூ சாயங்காலம் திறந்து இரவில் வௌவால் வந்து தேன் குடித்து மகரந்தம் சேர்க்கும் கதை, தனிப் புத்தகமாக வர வேண்டிய கதை. ஜாதிக்காயும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டது, இன்றும் பாலிக் புலாவ் பக்கம் காய்க்கிறது. பழம் வெடித்தால் உள்ளே பழுப்புக் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஜாதிபத்திரி. கொட்டையும் பத்திரியும் மசாலாவுக்கு, சதை ஊறுகாய்க்கும் சாற்றுக்கும். சௌராஸ்தா சந்தையின் ஊறுகாய்க் கடையில் அந்தச் சதையை வாங்கிச் சுவைத்தபடியே பிள்ளைகள் இந்தக் கதையை எழுதலாம்.

புத்தகம் செய்ய ஓர் ஏ4 தாளும் கத்தரிக்கோலும் போதும். தாளை மூன்று முறை பாதிப்பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். பிறகு குறுக்கே ஒரே ஒரு முறை பாதியாக மடியுங்கள். மடிப்பு விழுந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் நடுவில் வாய் திறக்கும். அதை அப்படியே சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், தையல் வேண்டாம்.

உள்ளே என்ன எழுதுவது? வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஆரம்பியுங்கள். ‘தோட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கையில் என்ன வைத்திருந்தீர்கள், பசியாற என்ன சாப்பிட்டீர்கள்?’ இந்த நான்கு கேள்வியிலேயே பக்கங்கள் நிரம்பிவிடும். பால்மரம் வெட்டியவர் என்றால் ஏன் விடிவதற்கு முன்பே போனார்கள் என்று கண்டிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும்.

எங்கள் வட்டத்தில் ஒரு சிறுமி செய்த புத்தகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவள் பாட்டி செம்பனைத் தோட்டத்தில் ‘பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை’ செய்தவர். ஆண்பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பெண்பூவின் மேல் ஊதிவிட வேண்டும். அப்போதெல்லாம் நம் நாட்டுச் செம்பனை நன்றாகக் காய்க்க ஆட்கள் மரம் மரமாகப் போய் இதைச் செய்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். செம்பனைப் பூவிலேயே வாழ்கிற வண்டு அது. மகரந்தம் சேர்க்கும் வேலை முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. சிறுமி ஒரு பக்கத்தில் பாட்டியையும் எதிர்ப்பக்கத்தில் வண்டையும் ஒரே உயரத்துக்கு வரைந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு தட்டு மீ கோரிங். அதற்குக் கீழே ‘இந்த எண்ணெய்க்குப் பாட்டியும் வேலை செய்தார்’ என்று எழுதியிருந்தாள். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

செய்த புத்தகங்களைக் கடையில் வாங்கியவற்றோடு ஒரே அடுக்கில் வையுங்கள். தனிப்பெட்டியில் போட்டால் கைவேலையாகிவிடும். அடுக்கில் வைத்தால்தான் அடுத்த பிள்ளை எடுத்துப் படிக்கும். பள்ளியில் நீலாம் வாசிப்புத் திட்டத்துக்காகப் படித்த நூல்களைப் பதிகிறவர்கள், இதையும் பதியலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் வெளியே போக முடிந்தால்

நெல் பற்றிய புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறுங்கள். குருன் தாண்டி அலோர் ஸ்டார் போகும் வழியெல்லாம் வயல். நாட்டின் நெற்களஞ்சியம் என்று கெடாவைச் சொல்வது இதனால்தான். மூடா பாசனத் திட்டம் 1970இல் வந்த பிறகு இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. அதனால் ஒரே முறை போய்த் திரும்பாமல், சில வாரம் இடைவெளி விட்டு இன்னொரு முறையும் போங்கள். முதல் முறை தண்ணீராக நின்ற வயல் அடுத்த முறை பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். அலோர் ஸ்டாரில் கெரியாங் மலைப்பக்கம் நெல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போக நிலையத்திலிருந்து கிராப் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். ரயிலில் ஜன்னல் இருக்கை கிடைக்க முதல் நிலையத்திலேயே ஏறிவிடுங்கள். புத்தகத்தைப் போகும்போது திறக்க வேண்டாம். வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வாசித்துக் காட்டுங்கள். குடிக்கத் தண்ணீரும் கொறிக்கக் கொஞ்சம் கச்சானும் எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.